கராஜுக்கு ஒரு சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டில் பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால் அப்பாவும் தங்கையும் ஒரே நேரத்தில் என்னைத்தான் கைகாட்டுவார்கள். நானும் மறுத்ததில்லை. நாய் குரைத்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன். வேளைகெட்ட வேளையில் தொலைபேசி அடித்தால் உறவில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிடுவேன். மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், கப்பல் சரக்குக்குக் காகிதம் தயார் செய்யும் ஓர் ஆபீசில் எனக்கு வேலை. அங்கே நான் போடும் சத்தத்துக்கு லோரி டிரைவர்களே ஒதுங்கி நிற்பார்கள். அதெல்லாம் வாய் மட்டும்தான். என் வாய்க்கும் நெஞ்சுக்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தம் இருந்ததில்லை.

அதனால் வீட்டுக்கு அலாரம் வாங்க வேண்டும் என்று நச்சரித்தது நான்தான் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் கிள்ளானில் எங்கள் தெருவில் அடுத்தடுத்து வீடுகளை உடைத்தார்கள். பட்டப்பகலில், எல்லாரும் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வந்தார்கள். வயரே இல்லாமல் வேலை செய்கிற அலாரம் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு சீனர் வந்து மாட்டிவிட்டுப் போனார். தமிழர்கள் வேலை செய்த ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவர். தமிழ் பேசினால் என்னைவிட வேகமாகப் பேசுவார்.

ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், டிபன் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். முதல் விளக்கு வாசல் கதவுக்கு, இரண்டாவது ஹாலுக்கு. மற்றவை சும்மா இருந்தன. அலாரத்தைப் போட்டுவைத்திருக்கும் நேரத்தில் கதவு திறந்தாலோ ஹாலில் யாராவது நடந்தாலோ கூரைக்குக் கீழே இருக்கும் சைரன் அலறும். போட்டுவைக்காத நேரத்தில் விளக்கு மட்டும் ஒருமுறை எரிந்து அணையும். அப்பாவுக்கு அந்தப் பெட்டியில் ஏகப்பட்ட பெருமை. ரயில்வேயில் சிக்னல் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவர் இல்லையா, விளக்கு எரிந்து அணையும் எதையும் அவருக்குப் பிடிக்கும். வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்தி விளக்கம் சொல்லுவார்.

வீட்டுக்குப் பின்னால், பப்பாளி மரத்தைத் தாண்டி, தனியாக ஒரு கராஜ் உண்டு. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் தன் லோரிக்காகக் கட்டியது. பலகைச் சுவர், தகரக் கூரை, தகரக் கதவு. அப்பாவின் பழைய கார் அதில் நிற்கும். அதற்கு அலாரம் வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கள்ளனே வந்தாலும் அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு போக ஆள் பிடிக்க வேண்டும்.

காப்பாரில் கட்டிக்கொடுத்த என் தங்கை ஒருநாள் மத்தியானம், கையில் ஒரு பையும் தையல் மெஷினின் தலையுமாக டாக்சியில் வந்து இறங்கினாள். அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வாம்மா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ" என்றார்.

அன்று மாலை அவள் குளித்துவிட்டு வந்தபோது கழுத்தைப் பார்த்தேன். சுற்றிலும் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். அவள் புருஷனை நான் நல்லவன் என்றே நம்பியிருந்தேன். எப்போது வந்தாலும் ஆப்பிளும் திராட்சையும் வாங்கி வருவான், அக்கா அக்கா என்று உருகுவான், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பான். காப்பாரில் அவனைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேரும் நல்ல வார்த்தைதான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு நாள் இரண்டு வாரமாகி, பிறகு அதையும் தாண்டியது. கேட்கிறவர்களிடம் அப்பா, "தீபாவளித் தையலுக்காக வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அப்புறம் அவரே காரை வெளியே தள்ளி, மேலே கேன்வாஸ் போட்டு மூடி, கராஜைக் கழுவிவிட்டார். மெஷினையும் இஸ்திரி மேசையையும் அங்கே போட்டார்.

"கஸ்டமர்ங்க பக்கவாட்டுல வந்துட்டுப் போவாங்க. ஹால்ல ஏன் கூட்டம்" என்றார்.

எனக்குப் புரிந்தது. ஹாலில் உட்காருகிற விருந்தாளிகள் கண்ணில் அவள் படக்கூடாது. அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். எனக்குக் கள்ளனைப் பார்த்துப் பயம், அவருக்கு ஊரைப் பார்த்துப் பயம்.

தங்கை காலையிலிருந்து தைப்பாள். ரவிக்கை தைப்பதில் அவள் கை படு சுத்தம். ஒரே மாதத்தில் தெருவில் பாதிப் பெண்கள் அவளிடம் அளவு கொடுத்துவிட்டார்கள். சத்தம் போட்டுச் சிரிக்கவும் ஆரம்பித்திருந்தாள்.

நான் லீவில் இருந்த ஒரு நாள். மத்தியானம் சமையலறையில் இருவரும் சாப்பிட்டோம். அவள் கை கழுவிவிட்டுக் கராஜுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் வாயேன்."

வெட்டு மேசையில் கஸ்டமர்களின் துணிகள் மடித்தது மடித்தபடி இருந்தன. அதில் விலையான பட்டும் இருந்தது. எதையும் யாரும் தொடவில்லை. ஆணியில் தொங்கிய அவளுடைய ரவிக்கை மட்டும், முதல்நாள் தனக்கென்று தைத்துப் போட்டது, மேசை நடுவில் கிடந்தது. கழுத்துப் பகுதியைச் சுற்றி ஒழுங்காகக் கத்தரித்து எடுத்திருந்தது. கத்தரிக்கோலை அதன் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான் அவள் புருஷன். நாங்கள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பப்பாளி மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் செய்திருக்கிறான். அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து எல்லாக் கதவையும் பூட்டினேன்.

அப்பா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எலியா இருக்கும்" என்றார்.

"ஆமாம்ப்பா, கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிஞ்ச எலி" என்றேன்.

அவர் ரவிக்கையை மடித்து மேசைக்குக் கீழே வைத்தார். போலீசுக்குப் போகலாமா என்று நான் கேட்டதற்குத் தெருப்பக்கம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையாட்டினார். ஆனால் கராஜுக்கும் அலாரம் போட்டுவிடலாம் என்றதும் உடனே தலையாட்டினார். கள்ளனுக்கு எதிராக என்றால் அவருக்குச் சம்மதம். தெருவில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

சீனர் ஒரு சனிக்கிழமை வந்தார். வேலை சுலபம் என்றுதான் சொன்னார். கராஜில் ஒரு சென்சார் மாட்டினால் போதும், யாராவது அசைந்தால் அது வீட்டுப் பெட்டிக்குத் தகவல் அனுப்பும், மூன்றாவது விளக்கு எரியும். தகரக் கதவுக்கு மேலே மாட்டினார். கதவைத் திறந்து வைத்துத் தங்கை உள்ளே நடந்தாள். நான் ஹாலில் பெட்டி முன்னால் நின்றேன். விளக்கு எரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நடந்தாள். விளக்கு எரியவில்லை.

"நடக்கிறியா?" என்று கத்தினேன்.

"நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

விளக்கு எரியவே இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் நடப்பது வீட்டுக்குத் தெரியவில்லை. அந்த இருட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு என்னவோ செய்தது. சீனர் முதலில் பேட்டரியைக் குறை சொன்னார், பிறகு மழை மேகத்தை, பிறகு எங்கள் வீட்டுச் சுவரை. கடைசியில்தான் தகரத்தின் மேல் சந்தேகம் வந்தது. "இந்தத் தகரம் சிக்னல அடைக்குதுக்கா. வேற எடம் பாக்கலாம்லா" என்று சென்சாரைக் கழற்றி, வீட்டைப் பார்த்த பலகைச் சுவரில், ஜன்னல் ஓரமாக மாட்டினார். அப்போதும் ஒருமுறை எரிந்தால் ஒருமுறை எரியவில்லை. பெட்டியைக் கராஜுக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுவர வேண்டும், சமையலறைப் பின்சுவர்தான் வழி என்றார்.

அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "சமையக்கட்டுல வச்சா யார் பாப்பா?" என்றார்.

"நான் பார்ப்பேன்" என்றேன்.

பெட்டி சமையலறைக்கு வந்தது. அடுப்புக்கு எதிர்ச்சுவரில், நான் நின்றால் என் கண்ணுக்கு நேராக. மறுபடி அவள் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தாள். இந்த முறை தவறாமல் எரிந்தது. அவள் நின்றாள், அணைந்தது. கையைத் தூக்கினாள் போல, எரிந்தது. எனக்கு உயிர் வந்தது. சென்சாரின் மூடிக்குள் ஒரு குட்டி சுவிட்ச் இருப்பதைச் சீனர் காட்டினார். இப்படி டெஸ்ட் பண்ணும்போது அதை ஒரு பக்கம் தள்ளிவைக்க வேண்டுமாம். அப்போது ஒவ்வோர் அசைவுக்கும் சென்சாரிலும் பெட்டியிலும் விளக்கு எரியும். அப்படியே விட்டுவிட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் பழையபடி தள்ளிவிட வேண்டும். அதற்கப்புறம் அது ஓர் அசைவைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

"காவலுக்கு வச்சா அது தூங்குமா?" என்றேன்.

"எல்லாக் காவலும் தூங்கும்க்கா" என்று சிரித்தார்.

ஆனால் பகல் முழுக்க அவள் உள்ளேதானே இருப்பாள், அப்போது அலாரத்தைப் போட்டுவைக்க முடியாதே என்று கேட்டேன். சீனர் தன் பெட்டியைத் துழாவி ஒரு பட்டனை எடுத்தார். கட்டை விரல் அளவு, வெள்ளை பிளாஸ்டிக், நடுவில் சிவப்பு. அமுக்கினால் அலாரம் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் சைரன் அலறும். கழுத்தில் மாட்டிக்கொள்ள வளையம் இருந்தது. தங்கையிடம் வேறு சங்கிலி இல்லை. தாலிச் சங்கிலியைக் கழற்றாமலே, கொக்கியை மட்டும் விலக்கி, அந்த வளையத்தைக் கோத்துக்கொண்டாள். தாலியும் பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு வந்த வாரங்களை நான் நிம்மதியாகக் கழித்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆபீசிலிருந்து காலையில் ஒரு போன், சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன், டீ நேரத்தில் ஒரு போன். அவள் கராஜிலிருந்து ஓடிவந்து எடுப்பதற்குள் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும். "இன்னும் உசுரோடதான் இருக்கேன், போனை வை" என்பாள். ஒரு மாலை மரநாய் ஒன்று கராஜ் கூரைக்குள் புகுந்து சைரனைக் கிளப்பிவிட்டது. பக்கத்து வீட்டில் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா முதற்கொண்டு எல்லாரும் வேலியோரம் வந்துவிட்டார்கள். அப்பா கைகூப்பி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சைரன் என்றாலே ஆகாது.

தெருமுனையில் அவனுடைய காரை நான் இரண்டு முறை பார்த்தேன். உள்ளே அவன் இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். பயத்தில் முகம் தானாக அப்படிச் செய்துவிட்டது. வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அவனுடைய தாய்மாமன் அப்பாவுக்குப் போன் செய்தார். நல்ல நாள் பார்த்து வருகிறோம், பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் தீராதது இல்லை என்றார். அப்பா போனை வைத்துவிட்டு முதல் வேலையாக ஹால் திரைகளைத் துவைக்கப் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை. மகள் முறைப்படி திரும்பிப் போவாள், ஊர் வாய் மூடும். அதை நினைத்து அவர் சந்தோஷப்பட்டார். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி விரலில் ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நீ போறியா?" என்று கேட்டேன்.

"அப்பா போன்னா போகணும்" என்றாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "போனா இந்தத் தடவ திரும்பி வரமாட்டேன்க்கா" என்றாள். அவன் உயிரோடு விடமாட்டான் என்கிறாள் என்பது எனக்கு விளங்கியது.

அவர்கள் வரும் நாள் காலையில் அப்பா குளித்து விபூதி பூசிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். அவள் கழுத்தைப் பார்த்தார்.

"அதக் கழட்டி வைம்மா. தாலிக்குப் பக்கத்துல அது என்ன கருமம். நல்ல காரியத்துக்கு வர்றாங்க. பாத்தா என்ன நெனைப்பாங்க?"

நான், "இருக்கட்டும்பா" என்றேன்.

"நீ சும்மா இரு. மாப்பிள்ளையக் கள்ளனா நெனச்சு மாட்டியிருக்கோம்னு காட்டணுமா?"

அதைத்தான் நினைத்து மாட்டினோம். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தங்கை பட்டனைக் கழற்றிச் சீனிச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அதை எடுத்து அலமாரி மேல்தட்டில் போட்டார். பிறகு பெட்டியில் ரகசிய எண்களை அமுக்கி, ஹால், வாசல், கராஜ் எல்லாவற்றுக்கும் அலாரத்தை அணைத்தார். நல்ல காரியத்தின் நடுவில் சைரன் அலறினால் அபசகுனமாம்.

இந்த மாதிரிப் பேச்சுவார்த்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டு வைப்பார்கள், பொதுவாக நியாயம் பேசுவார்கள், பிறகு புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேசட்டும் என்று எல்லாரும் பெருந்தன்மையாக ஒதுங்குவார்கள். அந்தக் கட்டம் கட்டாயம் வரும். ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது எங்கள் வீட்டில் தனியிடம் என்றால் கராஜ்தான். அப்பா பூ வாங்கப் போன நேரத்தில், கூட்டுகிற சாக்கில் நான் கராஜுக்குப் போய் நாற்காலி போட்டு ஏறி, சென்சாரின் மூடியைத் திறந்து அந்தக் குட்டி சுவிட்சை டெஸ்ட் பக்கம் தள்ளிவைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட.

மூன்று பேர் வந்தார்கள். அவன், தாய்மாமன், கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர். வெற்றிலை பாக்கு, பழம், ஒரு சேலை என்று தட்டு ஜோராக இருந்தது. அவன் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருக்கீங்களா அக்கா, எளச்சுட்டீங்களே" என்று என்னைக் கேட்டான். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகமெல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தான்.

பெரியவர்கள் பேசினார்கள். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்றார் ஒருவர். கை நீட்டுகிற ஆள் இல்லை, ஏதோ கோபத்தில் என்றார் மற்றவர். அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பிறகு, "மாமா, அவகிட்ட ரெண்டு வார்த்தை தனியாப் பேசிக்கிறேன்" என்றான்.

"பேசட்டும், பேசட்டும். நடுவுல நம்ம எதுக்கு" என்றார் தாய்மாமன்.

"கராஜுல உக்காந்து பேசுங்க. போம்மா" என்றார் அப்பா.

அவள் எழுந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆபீசில் லோரிக்காரர்களை விரட்டுகிற என் வாய் அன்று திறக்கவில்லை. அவள் முன்னால் நடக்க அவன் பின்னால் போனான். தகரக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் டீ போடப் போவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன்.

மூன்றாவது விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. உள்ளே போகிறார்கள். பிறகு இருண்டது. உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் கொதித்தது. தேயிலையைப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. எழுந்து நடக்கிறான், கோபம் வந்தால் நடப்பான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஹாலில் சிரிப்புச் சத்தம். அப்பாதான் சிரித்தார். நான் கோப்பைகளை அடுக்கினேன், பாலை ஊற்றினேன். விளக்கு எரிந்து அணைந்துகொண்டே இருந்தது. எரிகிறது, அணைகிறது, உடனே எரிகிறது.

கோப்பைத் தட்டைத் தூக்கியபோதுதான் உறைத்தது. அந்தக் கராஜில் நடக்க எங்கே இடம்? மெஷின், வெட்டு மேசை, இஸ்திரி மேசை, துணி மூட்டைகள். ஓர் ஆள் இரண்டு எட்டு வைத்தால் எதிலாவது இடித்துக்கொள்வான். இவ்வளவு நேரம் அங்கே யாரும் நடக்க முடியாது. பேசுகிற மனிதர்கள் கொஞ்ச நேரமாவது சும்மா இருப்பார்கள். இந்த விளக்கு சும்மா இருக்கவே இல்லை.

தட்டை வைத்தேனா போட்டேனா தெரியாது. அலாரம் அணைந்திருந்தாலும், அவசரத்துக்கு என்று சீனர் காட்டியிருந்தபடி பெட்டியில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். அமுக்கினேன். சைரன் அலறியது.

அப்பா ஓடிவந்து, "என்ன பண்ற நீ? நிறுத்து! நிறுத்துடி!" என்று கத்தினார். நான் அவரைத் தள்ளிவிட்டுப் பின்வாசல் வழியே வெறுங்காலோடு ஓடினேன். கராஜ் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இரண்டு கையாலும் தகரத்தை அடித்தேன். கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினேன். அதுவரை அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

கதவு திறந்தது. அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். "என்னக்கா இது, பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றான், அதே சிரிப்போடு. அவனுக்குப் பின்னால் இஸ்திரி மேசையோடு ஒட்டி அவள் நின்றாள். வாயைச் சுற்றி, இரண்டு கன்னத்திலும், விரல்கள் பதிந்து சிவந்திருந்தன. மூச்சு வாங்கியது.

அப்பாவும் மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே கூடிவிட்டது. மக்சிக் கையில் விளக்குமாற்றோடு நின்று, "அடா பென்சுரி கே?" என்று கத்தினார். கள்ளன் வந்துவிட்டானா என்று கேட்கிறார். அப்பா கைகூப்பப் போனார். அதற்குள் தங்கை வெளியே வந்துவிட்டாள். சைரனையும் மீறிக் கேட்கும்படி சொன்னாள்.

"புக்கான் பென்சுரி, மக்சிக். லாக்கி சாயா."

கள்ளன் இல்லை, என் புருஷன் என்று. தெருவில் மலாய் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கோயில் பெரியவர் முதலில் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் தாலி மட்டும் தொங்கிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். நேராக வீட்டுக்குள் போனார். அவர்கள் கொண்டுவந்த தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டு சாய்ந்து ஆப்பிள்கள் உருண்டு விழுந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார். வாசலில் நின்ற மாப்பிள்ளையின் கார் மேல் தட்டை வைத்துவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் போனார்கள். போகும்போது அவன் சிரிக்கவில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் போலீஸ் நிலையத்தில் இருந்தோம். தங்கை தானே பேசி ரிப்போர்ட் கொடுத்தாள். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நடுவில் எழுந்து போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேல்தட்டிலிருந்து பட்டனை எடுத்து அவளிடம் நீட்டினார். "மன்னிச்சுடும்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் சமையலறையில் இருந்தோம். ஊற்றிவைத்த டீ எல்லாம் ஆடை கட்டிக் கிடந்தது. நான் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தேன். அவளிடம் சுவிட்சைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும். போய் உக்காந்ததும் பாத்தேன். அவர் அசையும்போதெல்லாம் சென்சார்ல செவப்பா எரிஞ்சுச்சு. நீதான் தள்ளி வச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

"அவன் நடந்துக்கிட்டு இருந்தானா?"

"இல்லக்கா. பின்னாலேருந்து வாயப் பொத்திப் பிடிச்சுக்கிட்டாரு. காதுல பேசிக்கிட்டே இருந்தாரு. எனக்கு ஒரு கைதான் வெளிய இருந்துச்சு. அந்தச் சென்சாரப் பாத்து அதத்தான் ஆட்டினேன்."

குழாயை மூடினேன்.

"ரொம்ப நேரமா ஆட்டிக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள். "கை வலிக்குது."

ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, தோளிலிருந்து விரல் வரை அமுக்கிவிட்டேன்.